செபமாலையில் அப்பா பெயர்

குன்னம்,
ஆவணி கடைசி வெள்ளி.

அன்பு மகள் சிந்துவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடு கன்றுகளும் நன்றாக இருக்கிறோம், என் குதிகால் மட்டும் இன்னும் தரையோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது, அதுவும் இரண்டு நாளில் சமாதானமாகிவிடும். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற சின்ன ஆளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவும் நம் செல்லியம்மனும் சேர்ந்து பார்த்துக்கொள்ளட்டும். வாரா வாரம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இந்தக் கதையைப் போனில் சொல்ல முடியாது சிந்து. நான் உன்னோடு பேச உட்கார்ந்தாலே உங்க அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றுகொள்கிறார், குடித்து முடித்த மாட்டை மறுபடி குடி குடி என்கிறார், அது பாவம் அவர் முகத்தையே பார்க்கிறது. அவரைப் பற்றிய கதையை அவர் காதுபடச் சொல்வது எப்படி. மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் லீவு முடிந்து அடுத்த வாரம் மஸ்கட் திரும்புகிறாராம், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே பருப்புப்பொடியும் நம் காட்டுச் சின்ன வெங்காயமும் இருக்கிறது, வெங்காயத்தை வந்ததும் பையிலிருந்து எடுத்துக் காற்றாடப் பரப்பிவிடு, ஏசி அறையில் வைக்காதே, அழுகிவிடும்.

வேளாங்கண்ணிக்கு நடக்கப் போகிறேன் என்று மட்டும்தான் உன்னிடம் சொல்லியிருந்தேன், எதற்கு என்று சொல்லவில்லை. ஊரில் எல்லோரிடமும் முட்டி வலிக்காக வேண்டிக்கொண்டேன் என்று சொல்லி வைத்தேன். முட்டி வலிக்காரி எதற்கடி அத்தனை தூரம் நடக்கிறாய் என்று ஒருத்தர் கூடக் கேட்கவில்லை பார், அவ்வளவு நல்ல ஜனம். என்ன வேண்டுதல் என்று உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். உனக்கு ஐந்தாம் மாதம் முடியப்போகிறது, வயிறு பெரிதானால் பிளேனில் ஏற்ற மாட்டார்கள் என்கிறாய். அப்பா வாயால் வா என்று சொல்லாமல் அந்த வாசல் மிதிக்க மாட்டேன் என்று நீ அங்கே உட்கார்ந்திருக்கிறாய். சொல்ல மாட்டேன் என்று அவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே அச்சு, நடுவில் நான்.

நீ வேதக்காரப் பையனைக் கட்டிக்கொண்டது அவருக்குக் கோபமில்லை, அது உனக்கும் தெரியும். மாடு சினை பிடிக்காவிட்டால் ஏலாக்குறிச்சி மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருகிற மனிதர்தானே அவர். ஊரில் எல்லோருக்கும் தெரிந்து கடைசியில், அதுவும் உரக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது யாரோ சொல்லி, மகள் கல்யாணம் தனக்குத் தெரிந்தது என்பதுதான் அவருக்கு ஆறவில்லை. அன்றிலிருந்து உன் பெயர் அவர் வாயில் வரவில்லை. இதில் இன்னொரு கூத்து உனக்குத் தெரியாது. நீ பிறந்த வாரத்திலிருந்து என்னை அவர் சிந்து அம்மா என்றுதான் கூப்பிடுவார். உன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றானபிறகு என்னை எப்படிக் கூப்பிடுவது. பஞ்சவர்ணம் என்று கூப்பிட்டுப் பழக்கமில்லை, ஒரு தடவை முயற்சி செய்து பார்த்து அவருக்கே வெட்கம் வந்துவிட்டது. அதனால் மூன்று வருடமாக என் பெயர் ‘இந்தா’. இந்தா, சோறு போடு. இந்தா, மோட்டார் போடு. கல்யாணமாகி இத்தனை வருடத்துக்கப்புறம் பேர் இல்லாதவளாகிவிட்டேன் போ.

அதனால்தான் உன் மாமியார் அரியலூரிலிருந்து போன் செய்து, சம்பந்தி, இந்த வருசம் எங்க குழுவோட நடந்து வாங்களேன் என்று கூப்பிட்டபோது உடனே சரி என்றுவிட்டேன். சவரியம்மாள் வருடா வருடம் நடக்கிறவர்கள். எத்தனை தரம் போனில் பேசியிருந்தாலும் முகம் பார்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை. அவர்கள் உன் வயிற்றுக்காக நடந்தார்கள், நான் உங்க அப்பா வாய்க்காக நடந்தேன். அவரிடம் அனுமதி கேட்கப் பயந்து பயந்து போய் நின்றால், சமயபுரத்துக்கு நடந்த கால்தானே, போயிட்டு வா, மாரியாத்தாவும் மாதாவும் ஒண்ணும் சண்டைக்காரங்க இல்ல என்று சொல்லிவிட்டார். யாரோடு போகிறேன் என்று கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கிளம்புகிற அன்று கடலை உருண்டை ஒரு சம்படம் நிறைய வாங்கி வந்து மேசைமேல் வைத்துவிட்டு, இது இவ்வளவும் நீயே திங்காத, கூட வர்றவங்களுக்கும் குடு என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார்.

அரியலூர் கோவிலில் காலையில் மந்திரித்துக் கிளம்பினோம். எனக்கு ஒரு காவிப் புடவை, கழுத்தில் செபமாலை, எல்லாம் உன் மாமியார் உபயம். முன்னால் ஒரு சின்ன வண்டியில் மாதா சப்பரம், பூவும் சீரியல் பல்பும், அதற்கு மேல் ஒரு குழாய் ஸ்பீக்கர். சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோடு உனக்குத்தான் தெரியுமே, கீழப்பழுவூர் போவதற்குள் எல்லோருக்கும் முகத்தில் பவுடர் போட்ட மாதிரி ஆகிவிட்டது. நடப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, கஷ்டம் வேறு இடத்திலிருந்து வந்தது. செபமாலை சொல்லிக்கொண்டே நடக்கிறார்கள், முதல் பாதியை ஒருவர் மைக்கில் சொல்ல மற்றவர்கள் மறுபாதியைச் சொல்ல வேண்டும். மறுபாதி எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது, சத்தமாகவே சொன்னேன். உபதேசியாருக்கு அதில் சந்தோஷம். அவர் கோவிலில் செபம் சொல்லிக் கொடுக்கிற பெரியவர், இந்தக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். குன்னத்து அம்மா நல்லா சொல்றாங்க, மாலையில அடுத்த பத்து மணியை அவங்க சொல்லட்டும் என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்.

அருள் நிறைந்த மரியே வாழ்க என்று நன்றாகத்தான் ஆரம்பித்தேன். அடுத்து ஆண்டவர் உம்முடனே என்று வர வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன், அது உங்க அப்பா பெயராயிற்றே. உங்க அப்பா பெயரை இத்தனை வருடத்தில் நான் வாய்விட்டுச் சொன்னதுண்டா. இப்போது எழுதுகிறேன் என்றால், வாயால் சொல்லத்தான் கூடாது, கையால் எழுத யாரும் தடை போடவில்லை, ஆஸ்பத்திரிச் சீட்டில் எல்லாம் எழுதித்தான் காட்டுவேன். ஆனால் மைக்கில், நடு ரோட்டில், லாரிக்காரன் எல்லாம் கேட்கும்படி புருஷன் பெயரை எப்படியடி சொல்வேன். நின்றுகூட யோசிக்க முடியாது, கால் நடந்துகொண்டே இருக்கிறது, பின்னால் ஜனம் காத்திருக்கிறது. அருள் நிறைந்த மரியே வாழ்க, அவுங்க உம்முடனே என்று சொல்லிவிட்டேன். யாரும் மறுபாதி சொல்லவில்லை. சப்பர வண்டியே நின்றுவிட்டது. உபதேசியார் திரும்பி வந்து, யாரும்மா அவுங்க என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, எங்க வூட்டுக்காரவுங்க என்றேன். அவருக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது, உங்க வூட்டுக்காரரு எப்படிம்மா மாதாவோட இருப்பாரு என்று கேட்டார். உன் மாமியாருக்குத்தான் சட்டென்று விளங்கியது. ஐயா, சம்பந்தி வூட்டு அண்ணன் பேரே அதுதான், அவுங்க புருசன் பேரு சொல்ல மாட்டாங்க என்று சொன்னார்கள். சிந்து, அந்தச் சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். வயசான ஒரு அம்மா சிரித்துச் சிரித்து ரோட்டோரம் உட்கார்ந்தேவிட்டார்கள். உபதேசியார்தான் நல்ல மனிதர், கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வழி சொன்னார். முன்காலத்தில் அந்த இடத்தில் கர்த்தர் என்றுதான் சொல்வார்களாம், பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்களாம், நீங்களும் அப்படியே சொல்லுங்கம்மா, ஒண்ணும் குத்தமில்ல என்றார். அப்புறம் எனக்கு எங்கேயும் தடங்கல் இல்லை. ஆனால் வழி நெடுக யார் எதில் ஆண்டவர் என்று சொன்னாலும் பத்துப் பேர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பது மட்டும் நிற்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் திருமானூரில் தங்கினோம். பாயைப் போட்டுக் காலை நீட்டினால் வெளியே டிவிஎஸ் வண்டிச் சத்தம், எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம். பிரஷர் மாத்திரையை மறந்துட்டு வந்துட்ட என்று வாசலில் நின்றுகொண்டு நீட்டுகிறார். மாத்திரையை நான் எடுத்துத்தான் வந்திருந்தேன், அதைச் சொல்லவில்லை, வாங்கி வைத்துக்கொண்டேன். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை, உன் மாமனார் இன்னாசிமுத்து வந்து வணக்கம் சொன்னதும் வானத்தைப் பார்த்து மழை வரும் போல என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். மறுநாள் கொள்ளிடம் பாலம் தாண்டுகிறோம், ஆற்றில் இந்த வருடம் கரையைத் தொட்டுத் தண்ணீர், எல்லோரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்க்கிறோம், எதிரே மறுபடி அதே வண்டி. துண்டை மறந்துட்டியேன்னு வந்தேன் என்றார், என் துண்டு என் தோளில்தான் கிடந்தது. மக்காச்சோளம் முளைத்து வருகிற நேரம், மயில் வந்து ஒவ்வொன்றாகக் கொத்திவிட்டுப் போகும், அதை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். வீரமணி பாக்குறான் என்றார். உன் சித்தப்பா மயில் விரட்டுகிற அழகு நமக்குத் தெரியாதா, கட்டிலில் படுத்துக்கொண்டே கை தட்டுவார். அப்படிப்பட்டவரை நம்பி, முளைப்பு நேரத்தில் காட்டை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றதும்தான் எனக்கு மனதில் ஒரு சின்ன நம்பிக்கை வந்தது.

அதற்கப்புறம் சாக்குச் சொல்வதையும் விட்டுவிட்டார். குழுவுக்குப் பின்னால் ஒரு பர்லாங்கு தள்ளி, நாங்கள் நடக்கிற வேகத்துக்கு வண்டியை உருட்டி உருட்டி ஓட்டிக்கொண்டே வந்தார். கூட வருகிறவர்கள் யார் அது என்று கேட்டால் நான் யாரோ என்றேன். மனுஷன் நடக்கிற வேகத்தில் வண்டியை ஓட்டினால் எந்த வண்டி தாங்கும், அம்மாபேட்டைக்குப் பக்கத்தில் புகை வந்து நின்றுவிட்டது. மெக்கானிக் பார்த்துவிட்டு கிளச் போச்சு, சாமான் தஞ்சாவூர்லேருந்து வரணும் என்று சொல்லிவிட்டானாம். வண்டியை அங்கேயே போட்டுவிட்டு வேகமாக நடந்து வந்து எங்களைப் பிடித்தார். எல்லோரும் சந்தோஷமாக வாங்க வாங்க என்றால் கையை ஆட்டி, நான் ஒண்ணும் யாத்திரைக்கு வரலங்க, வண்டி ரெடியாகுற வரைக்கும் சும்மா நடக்குறேன், கவர்மெண்டு ரோடுதானே என்றார். வண்டி கிடப்பது அம்மாபேட்டையில், இவர் நடப்பது கிழக்கே நீடாமங்கலம் பார்த்து. உபதேசியார் ஒன்றும் கேட்காமல் நோட்டில் பெயர் எழுதிக்கொள்ளலாம் என்று பேனாவை எடுத்து, உங்க பேருங்க என்றார். இவர் சொன்னார். உபதேசியார் பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு, ஓ, நீங்கதானா அது என்றார். மொத்தக் குழுவும் மரியே வாழ்க என்று கத்தியது. இவருக்கு ஒன்றும் புரியவில்லை, நம்மளை இங்கே முன்னாலயே தெரியுமா இவங்களுக்கு என்று என்னைக் கேட்கிறார். அவரிடம் விஷயத்தை இன்னும் நான் முழுதாகச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

நீடாமங்கலம் பக்கம் ஒரு சின்னக் கோவிலில் எங்களுக்காகப் பூசை வைத்தார்கள். அப்பா நான் உள்ளே வரல என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, ஃபேன் எங்கே இருக்கிறது என்று பார்த்து அதற்கு நேர் கீழே தூணில் சாய்ந்து உட்கார்ந்தார், உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். சாமியார் பீடத்தில் கையை விரித்து, ஆண்டவர் உங்களோடு இருப்பாராக என்று கணீரென்று சொன்னார். தூக்கத்தில் தன் பெயர் காதில் விழுந்ததும் இவர் தடாலென்று எழுந்து நின்று, இங்கதான் இருக்கேங்க என்றார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன், உன் மாமியார் தூணுக்குப் பின்னால் போய்விட்டார்கள், சாமியார் பாவம் புத்தகத்தைப் பார்க்கிற மாதிரி குனிந்தவர் நிமிரவே இல்லை. பூசை முடிந்து அவரே இவரிடம் வந்து கையைப் பிடித்து, நான் தினமும் சொல்றேங்க, இன்னைக்குத்தான் பதில் வந்துச்சு என்றார். அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பல் தெரியச் சிரித்து எத்தனை நாளாயிற்று சிந்து, அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, வியர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

சிரிப்பெல்லாம் இருக்கட்டும், உன் பேச்சை மட்டும் யாரும் எடுக்க முடியவில்லை. உன் மாமியார் ஒரு தடவை ஜாடையாக, இந்நேரம் அங்க பிள்ளைங்க சாப்பிட்டுருப்பாங்க என்று சொல்லிப் பார்த்தார்கள், இவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். நடக்கவென்று நல்ல செருப்பு வாங்காமல் ரப்பர் செருப்போடு வந்தவர்தானே, திருவாரூர் போய்ச் சேரும்போது இரண்டு உள்ளங்காலும் கொப்புளம், நொண்டுகிறார், கேட்டால் கல்லு குத்திருச்சு என்கிறார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கல். உன் மாமனார் ஒரு வாளியில் வெதுவெதுப்பாக உப்புத் தண்ணீர் கொண்டுவந்தார், எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார், அப்பாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக் கழுவித் துடைத்து வேப்பெண்ணெய் தடவ ஆரம்பித்துவிட்டார். அப்பா பதறிக் காலை இழுக்கிறார், அவர் விடவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர் பெண் வீட்டுக்காரர் காலைப் பிடித்து நான் பார்த்ததே இல்லை, எங்கேயாவது நடந்திருந்தால் சொல். கடைசியில் அப்பா, போதும், விடுங்க சம்பந்தி என்றார். நானும் சவரியம்மாளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று வருடத்தில் அந்தச் சொல் அன்றைக்குத்தான் அவர் வாயிலிருந்து வந்தது. உன் மாமனார் எதுவுமே நடக்காத மாதிரி, அடுத்த காலைக் குடுங்க என்றார்.

ஆனால் சம்பந்தி என்று சொன்னவர் உன் பெயரைச் சொல்லவில்லை. கீழ்வேளூர் தாண்டி, கடல் காற்று அடிக்க ஆரம்பித்த பிறகும் சொல்லவில்லை. என்னைக் கூப்பிடுவதும் அதே இந்தா தான். குழுவில் இந்தா என்றால் எல்லாப் பெண்பிள்ளைகளும் திரும்பிப் பார்க்கிறார்கள், அவரவர் வீட்டிலும் அதே பெயர்தான் போலிருக்கிறது. வேளாங்கண்ணி கோபுரம் தூரத்தில் தெரிந்தது, எல்லோரும் அழுதுகொண்டும் கும்பிட்டுக்கொண்டும் ஓடுகிறார்கள், எனக்கு உள்ளுக்குள் சோர்ந்துவிட்டது. இவ்வளவு தூரம் நடந்தும் வந்த காரியம் ஆகவில்லையே, இனி ஊருக்குப் போய் உனக்கு என்ன சொல்வேன் என்று இருந்தது. அதை மாதாவிடமே சண்டை போடுகிற மாதிரி சொன்னேன், நான் நடந்தது நடந்ததுதான், மிச்சம் உன் பாடு என்று.

திருவிழாவுக்கு முந்தின நாள், எள் போட இடமில்லாத கூட்டம். சவரியம்மாளும் நானும் மெழுகுவர்த்தி வாங்கப் போனோம், அப்பா செருப்புகளைப் பார்த்துக்கொண்டு கொடிமரத்துப் பக்கம் நின்றார். திரும்பும்போது கூட்டம் ஒரு தள்ளுத் தள்ளியது, அவர்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என் செல்போன் அவர்கள் பையில். இங்கே தேடி அங்கே தேடி, எல்லாம் காவிப் புடவையாக இருக்கிறது, எந்தக் காவி எங்கள் காவி என்று தெரியவில்லை. மணல் பாதையோரம் வந்து உட்கார்ந்துவிட்டேன். முழங்காலில் நடந்துபோகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஸ்பீக்கரில் காணாமல் போனவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நான் காதில் வாங்கவே இல்லை. அப்போதுதான் அது வந்தது. பெரம்பலூர் மாவட்டம் குன்னத்திலிருந்து வந்திருக்கும் சிந்து அம்மா, சிந்து அம்மா, எங்கிருந்தாலும் உடனடியாக அறிவிப்பு மேடை அருகே வரவும், ஆண்டவர் உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கேரளத்து அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சுற்றியிருந்த நாலைந்து பேர் ஆமென் என்றார்கள். அறிவிக்கிறவன் மறுபடி சொன்னான், சிந்து அம்மா, ஆண்டவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார். எனக்கு எழுந்திருக்கவே முடியவில்லை சிந்து, கால் வலியில் இல்லை. உங்க அப்பா ரேஷன் கார்டில் உள்ள என் பெயரைச் சொல்லியிருக்கலாம். பஞ்சவர்ணம் என்று சொல்லியிருந்தால் அறிவிக்கிறவனுக்கும் சுலபம். பயத்தில் மனுஷனுக்கு நெஞ்சில் எது மேலாக இருக்கிறதோ அதுதானே வாயில் வரும். கடற்கரை வரைக்கும் கட்டியிருந்த அத்தனை குழாயிலும் உன் பெயர்.

ஓடிப்போய்ப் பார்த்தால் மேடைக்குக் கீழே நாலு ஜோடிச் செருப்பையும் மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறார், முகம் வெளிறிப் போயிருக்கிறது. என்னைக் கண்டதும் ஒரே திட்டு, சிந்து அம்மா சிந்து அம்மான்னு எத்தனை தடவ கத்துறது, காது கேக்காதா ஒனக்கு என்று. திட்டட்டும் என்று நின்றேன். பாதியில் அவருக்கே தான் என்ன சொல்கிறோம் என்று தெரிந்துவிட்டது, அப்படியே நிறுத்தினார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கெட்டுவிடும். பஸ்ஸில் திரும்பி வரும்போது தஞ்சாவூர் வரைக்கும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தவர், திடீரென்று, பிளேன்ல எத்தன மாசம் வரைக்கும் ஏத்துவாங்களாம் என்று கேட்டார். அவளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீ கேக்க வேணாம் என்றார், அவ்வளவுதான். மறுநாள் மேஸ்திரியை வரவழைத்து, பின்கட்டுக் கக்கூசை மாற்றி உட்காருகிற மாதிரிப் போடணும், குனிய முடியாதவங்களுக்கு ஆகணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நம் வீட்டில் குனிய முடியாதவர் யார் இருக்கிறார் சொல். மயில் தின்றது போக மக்காச்சோளம் அங்கங்கே இருக்கிறது, அதைப் பற்றி வீரமணியை ஒரு வார்த்தை கூடத் திட்டவில்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடு, வெயிலில் அலையாதே, படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள். மாப்பிள்ளையையும் வேலை வேலை என்று பட்டினி கிடக்க வேண்டாமென்று நான் சொன்னதாகச் சொல். உன் மாமியார் பொன்னானவர்கள், அவர்களிடம் ஒருநாளும் எதிர்த்துப் பேசாதே, பேசினால் நான் அவர்கள் பக்கம்தான். நீயும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், இரண்டு குலத்துக்கும் நல்ல பெயரோடு நூறு வருடம் இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். கடைசியாக ஒன்று, இதை மறக்காதே. கடிதம் கிடைத்த பிறகு வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, வழக்கமான நேரத்துக்குப் போன் செய். நான் எடுக்க மாட்டேன், செல்லை டிவி மேல் வைத்துவிட்டு வெங்காயக் காட்டுக்குப் போய்விடுவேன். முழுதாக அடித்து நின்றாலும் விடாதே, மறுபடி போடு. எடுத்ததும் ஒன்றும் பேச மாட்டார், தொண்டையை மட்டும் செருமுவார், லைன் சரியில்லை என்று நினைத்து வைத்துவிடாதே, அது அப்பாதான்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
ஆ. பஞ்சவர்ணம்